தீவக வீதிகளில் கொங்கிறீட்: எந்த வடிவமைப்பு நின்றுபிடிக்கும்?

நெடுந்தீவில் ஒரு ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போடவேண்டுமென்றால் சீமெந்தும் கருங்கல் சல்லியும் கடல் கடந்து வரவேண்டும். குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து சுமார் ஒரு மணிநேரப் படகுப் பயணம் அது. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்கும் தூரம் மட்டுமே வித்தியாசம், நிலைமை ஒன்றுதான். யாழ் நகரில் பழுதான வீதியை அடுத்த வருடம் திருத்தலாம். தீவில் பழுதான வீதி பல வருடங்களுக்கு அப்படியே கிடக்கும். அந்த வீதியால்தான் நோயாளியை இறங்குதுறைக்குக் கொண்டுபோகவேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவேண்டும். மீன் கரைக்கு வரவேண்டும்.

ஆகவே தீவக மக்களுக்கு "கொங்கிறீட் வீதி போட்டார்களா?" என்ற கேள்வி மட்டும் போதாது. எந்த வகையான கொங்கிறீட், எதன் மேல், எப்படிப் போட்டார்கள் என்பதே அந்த வீதி 5 வருடம் நிற்குமா, 30 வருடம் நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. உலகின் பல நாடுகளில் கொங்கிறீட் வீதிகளை நூறு வருடங்களுக்கும் மேலாகப் பாவித்துப் பெற்ற அனுபவம் இருக்கிறது. அதில் தீவகத்துக்குப் பொருந்துவது எது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஏன் கொங்கிறீட்?

யாழ் குடாநாடே சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்த நிலம். அந்தச் சுண்ணாம்புக்கல்லை வைத்துத்தான் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950களில் இருந்து இயங்கியது. 1990இல் போரோடு அது நின்றுபோனது. அதன் பின் வந்த பொருளாதாரத் தடையில் குடாநாட்டுக்குத் தடுக்கப்பட்ட பொருட்களில் சீமெந்தும் ஒன்று. சீமெந்து செய்த ஊருக்கே ஒரு பை சீமெந்து கிடைக்காத காலம் அது. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் தீவகத்தின் பல ஊர்கள் வெறுமையாகின. ஆட்கள் இல்லாத ஊரின் வீதியைப் பராமரிக்க எவரும் இருக்கவில்லை. போர் முடிந்த பின்னரே உள்ளூர் ஒழுங்கைகளில் கொங்கிறீட் பரவலாக வரத் தொடங்கியது.

தீவுகளில் தாரை விடக் கொங்கிறீட்டை விரும்புவதற்கு நியாயமான காரணம் உண்டு. 'காபெற்' எனப்படும் தார்க் கலவையைத் தொழிற்சாலையில் சூடாக்கிக் கலந்து, சூடு ஆறுமுன் கொண்டுவந்து விரித்து, உருளை இயந்திரத்தால் அழுத்தவேண்டும். படகில் ஏற்றிச் செல்வதற்குள் அது இறுகத் தொடங்கிவிடும். கொங்கிறீட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. சிறிய கலவை இயந்திரம் ஒன்று இருந்தால் வீதியோரத்திலேயே கலந்து போடலாம், ஊரவர்களுக்கும் வேலை கிடைக்கும். தண்ணீர் தேங்கும் பதிவான நிலத்தில் தாரை விட அது நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

ஆனால் கொங்கிறீட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தார் வீதியில் குழி விழுந்தால் அந்த இடத்தை மட்டும் நிரப்பலாம். கொங்கிறீட் தட்டு உடைந்தால் முழுத் தட்டையும் உடைத்து அள்ளிப் புதிதாகப் போடவேண்டியிருக்கும். தொடக்கத்தில் விடும் பிழைக்குப் பிறகு பரிகாரம் இல்லை என்றே சொல்லலாம்.

மூன்று வடிவமைப்புகள்

கொங்கிறீட் இறுகும்போது சுருங்கும். பகலில் விரியும், இரவில் ஒடுங்கும். அதனால் எந்தக் கொங்கிறீட் வீதியும் வெடிக்கத்தான் செய்யும். அந்த வெடிப்பு எங்கே வரவேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது என்பதில்தான் வடிவமைப்புகள் வேறுபடுகின்றன.

முதலாவது, கம்பி இல்லாமல் மூட்டுகளோடு போடும் வீதி. குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒரு முறை கொங்கிறீட்டின் மேற்பகுதியை வெட்டிவிடுவார்கள். வெடிப்பு அந்த வெட்டின் கீழே நேர்கோடாக வந்துவிடும். பாரமான வாகனங்கள் ஓடும் பெருந்தெருக்களில் இரண்டு தட்டுகளையும் இணைக்க மூட்டில் தடித்த, வழுவழுப்பான இணைப்புக் கம்பிகளை வைப்பார்கள். ஒரு தட்டில் ஏறும் சில்லின் பாரத்தை அடுத்த தட்டும் பகிர்ந்துகொள்வதற்காக அது.

இரண்டாவது, கம்பி வலை போட்டு மூட்டுகளைத் தூரத் தூர வைக்கும் வீதி. தட்டுகள் 10 மீற்றருக்கு மேலும் நீளமாக இருக்கும். நடுவில் வெடிப்பு வந்தால் கம்பி வலை அதை விரியாமல் பிடித்துக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு.

மூன்றாவது, மூட்டே இல்லாமல் நீளத்துக்குத் தொடர்ச்சியாகக் கம்பி போடும் வீதி. இங்கே கொங்கிறீட்டின் குறுக்குவெட்டுப் பரப்பில் ஏறத்தாழ 0.6 முதல் 0.7 வீதம் கம்பியாக இருக்கும். மயிரிழை போன்ற வெடிப்புகள் ஒன்று, இரண்டு மீற்றருக்கு ஒன்றாக வரும். கம்பி அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும். பெல்ஜியம் நாட்டின் நெடுஞ்சாலைகள் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

உலக வீதிகள் சொன்ன பாடம்

அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் பெல்ஃபொன்ரெய்ன் என்ற சிறு நகரில் 1891இல் கொங்கிறீட் வீதி போடத் தொடங்கினார்கள். அந்நாட்டின் முதலாவது கொங்கிறீட் வீதி அது. கம்பி கிடையாது. சுமார் 5 அடிச் சதுரங்களாகப் பிரித்துப் போட்டார்கள். அக்காலத்துக் கொங்கிறீட்டின் ஒரு பகுதி இன்றும் அங்கே இருக்கிறது. சிறிய தட்டு, கம்பியில்லாக் கொங்கிறீட் என்ற எளிய வழி எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு அது சான்று.

கடலோர உதாரணத்துக்கு மும்பையின் மரீன் டிரைவ் வீதியைச் சொல்லலாம். 1930களின் இறுதியில் கொங்கிறீட் போடப்பட்ட அந்த வீதி, அரபிக்கடலின் உப்புக்காற்றையும் பருவமழையையும் பெருநகர வாகனங்களையும் தாங்கிப் பல பத்தாண்டுகள் நின்றது. உப்புக்காற்று மட்டுமே கொங்கிறீட் வீதியைக் கொன்றுவிடாது.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. வெவ்வேறு கனத்தில் தாரும் கொங்கிறீட்டும் போட்டு, அவற்றின் மேல் பாரமேற்றிய லொறிகளை இரண்டு வருடங்கள் ஓடவிட்டார்கள். இரண்டு முடிவுகள் இன்றும் முக்கியமானவை. முதலாவது, அச்சுப் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது. ஒழுங்கையில் ஆயிரம் தரம் ஓடும் ஓட்டோ செய்யாத சேதத்தை மணல் ஏற்றிய ஒரேயொரு ரிப்பர் செய்துவிடலாம். இரண்டாவது, கொங்கிறீட் வீதிகள் உடைந்ததற்குப் பிரதான காரணம் கீழேயிருந்த அடித்தளம் கரைந்து போனதே. மழைநீர் மூட்டு வழியாக இறங்கித் தங்கும். வாகனம் ஏறும்போது தட்டு அமுங்கி அந்தத் தண்ணீரைச் சேற்றோடு வெளியே கக்கும். நாளடைவில் தட்டின் கீழே வெற்றிடம் உண்டாகும். வெற்றிடத்தின் மேல் நிற்கும் தட்டு உடையாமல் என்ன செய்யும்?

1987இல் தொடங்கிய அமெரிக்காவின் நீண்டகால வீதி ஆய்வுத் திட்டமும் இதையே உறுதிப்படுத்தியது. பல மாநிலங்களில் ஒரே மாதிரியான கம்பியில்லா மூட்டு வீதிகளை வெவ்வேறு அடித்தளங்களின் மேல் போட்டுப் பல வருடங்கள் கண்காணித்தார்கள். தண்ணீர் வடிந்தோடக்கூடிய அடித்தளத்தின் மேல் இருந்தவை குறைவாகவே வெடித்தன. கடினமான மெலிந்த கொங்கிறீட்டை அடித்தளமாகக் கொண்டவை கூடுதலாக வெடித்தன. கீழே எவ்வளவு கடினமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற பொது நம்பிக்கை இங்கே பொய்த்தது.

இரண்டாவது வகையான நீண்ட தட்டு, கம்பி வலை வீதிகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. நடுவில் வந்த வெடிப்புக்குள் தண்ணீரும் உப்பும் இறங்கின. வலை துருப்பிடித்து அறுந்தது. வெடிப்பு விரிந்தது. அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை அந்த முறையைக் கைவிட்டு, 4.5 மீற்றர் அளவிலான குறுகிய தட்டுகளுக்குத் திரும்பின.

தீவகத்தின் நிலமும் உப்பும்

இந்தப் பாடங்களைத் தீவகத்தின் மண்ணில் வைத்துப் பார்க்கவேண்டும்.

முதலில் கம்பி. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் நிலம் கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கிறது. பல இடங்களில் கிணற்று நீர் உவர். மணலிலும் உப்பு இருக்கலாம். உப்பு கம்பியில்லாத கொங்கிறீட்டுக்குப் பெரிய எதிரியல்ல, கம்பிக்குத்தான் எதிரி. துருப்பிடித்த இரும்பு முன்பிருந்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடிக்கும். அது உள்ளிருந்து கொங்கிறீட்டைப் பிளக்கும். பழைய வீடுகளின் மேற்தட்டு உதிர்ந்து கம்பி வெளியே தெரிவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வீதித் தட்டில் கம்பிக்கு மேலுள்ள கொங்கிறீட் மெல்லியதாக இருந்தால் அதே கதைதான் நடக்கும்.

செலவையும் கணக்குப் பார்க்கலாம். 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 150 மில்லிமீற்றர் கனமான ஒழுங்கைக்கு மூன்றாவது முறையில் தொடர்ச்சியாகக் கம்பி போட்டால் 2 தொன்னுக்கு மேல் கம்பி தேவை. அந்தப் பணத்தை அடித்தளத்துக்கும் மதகுக்கும் செலவிட்டால் வீதியின் ஆயுள் அதைவிடக் கூடும். ஆகவே தீவக ஒழுங்கைகளுக்கு ஏற்றது கம்பியில்லாமல் குறுகிய இடைவெளியில் மூட்டு வைத்த முதலாவது வகைதான். பாரமான லொறிகள் ஓடும் இறங்குதுறை வீதிகளுக்கு மட்டும் 200 மில்லிமீற்றர் அளவில் கனத்தைக் கூட்டி, துருப்பிடிக்காத பூச்சுப் பூசிய இணைப்புக் கம்பிகளை மூட்டுகளில் வைப்பது பொருத்தம்.

அடுத்தது நிலம். தீவகத்தில் சில இடங்களில் ஓர் அடி தோண்டினாலே சுண்ணாம்புப் பாறை தட்டுப்படும். அதற்கு அருகிலேயே பாறை இடுக்கில் மணலோ களியோ இருக்கும். இரண்டுக்கும் மேலாக ஒரே தட்டைப் போட்டால், பாறைப் பக்கம் அசையாது, மணற் பக்கம் இறங்கும். தட்டு அந்த எல்லையில் உடையும். இதைத் தவிர்க்கப் பாறை முனைகளைக் கொத்தி எடுத்து, முழு நீளத்துக்கும் குறைந்தது 100 மில்லிமீற்றர் சல்லியோ கிறவலோ பரவி, நனைத்து, இறுக்கவேண்டும். அடித்தளத்தின் வேலை எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தாங்குவது.

மூன்றாவது தண்ணீர் ஓட்டம். குடாநாட்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரையான மாரியில் கொட்டுகிறது. உயர்த்திப் போட்ட கொங்கிறீட் ஒழுங்கை ஓர் அணைக்கட்டுப் போல நின்று, ஒரு பக்க வளவுகளில் வெள்ளத்தைத் தேக்கிவிடும். மறுபக்கக் குளத்துக்கும் கேணிக்கும் போகவேண்டிய தண்ணீர் போகாமல் நிற்கும். தீவுகளின் நன்னீர், மழைநீர் நிலத்துக்குள் இறங்குவதில் தங்கியிருக்கிறது. ஆகவே மதகு வைக்காத வீதி கிணற்றையும் கெடுக்கக்கூடும். முன்பு தண்ணீர் எந்த வழியால் ஓடியது என்பது ஊரிலுள்ள முதியவர்களுக்குத் தெரியும். மட்டம் எடுப்பதற்கு முன் அவர்களிடம் கேட்பது நல்லது.

தண்ணீர் ஊற்ற எங்கே போவது?

கொங்கிறீட் காய்ந்து பலம் பெறுவதில்லை. ஈரத்தோடு இருக்கும்போதே சீமெந்து தண்ணீருடன் சேர்ந்து பலம் பெறுகிறது. குறைந்தது 7 நாட்கள், முடிந்தால் 14 நாட்கள் அதை ஈரமாக வைத்திருக்கவேண்டும். இந்த விதி தீவகத்தில் கடுமையான விதி. மேலே சொன்ன 100 மீற்றர் ஒழுங்கையின் பரப்பு 300 சதுர மீற்றர். நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் தண்ணீர் ஆவியாகிறது என்று கொண்டால் தினமும் 1,500 லீற்றர் ஊற்றவேண்டும். இரண்டு வாரத்துக்கு 21,000 லீற்றர். குடிநீருக்கே வரிசையில் நிற்கும் ஊரில் வீதிக்கு இவ்வளவு நன்னீரை எவரும் கொடுக்கமாட்டார்கள். அதனால் இரண்டு நாள் தெளித்துவிட்டு நிறுத்துவதும், உவர்நீரைக் கொண்டு கலப்பதும் நடக்கின்றன.

இதற்கு மலிவான வழி பொலித்தீன் விரிப்பு. கொங்கிறீட் போடுவதற்கு முன் அடித்தளத்தின் மேல் ஒரு விரிப்பைப் போட்டால் கலவைத் தண்ணீரை நிலம் உறிஞ்சாது. தட்டு இலகுவாக நழுவிச் சுருங்குவதற்கும் அது உதவும். மேற்பரப்பு இறுகியதும் நன்றாக நனைத்து, இன்னொரு விரிப்பால் மூடி, ஓரங்களில் மண்ணோ கல்லோ வைத்துவிட்டால் ஆவியாகும் தண்ணீர் மிகக் குறைந்துவிடும். இடையிடையே பார்த்து நனைத்தால் போதும்.

காற்றும் கவனிக்கவேண்டியது. மே மாதத்திலிருந்து செப்ரெம்பர் வரை வீசும் சோளகம் புதிதாகப் போட்ட கொங்கிறீட்டின் மேற்பரப்பை ஓரிரு மணித்தியாலத்தில் உலர்த்திவிடும். அன்றே சிலந்தி வலை போன்ற வெடிப்புகள் தோன்றும். சோளகக் காலத்தில் பின்னேரத்தில் போட்டு, உடனே மூடுவது பாதுகாப்பானது.

கல் பதித்த வீதி

தட்டாகப் போடாமல், தொழிற்சாலையில் அச்சிட்ட கொங்கிறீட் கற்களை மணலின் மேல் பதிப்பது இன்னொரு வழி. கல் ஏற்கெனவே பலம் பெற்றிருப்பதால் வீதியில் தண்ணீர் ஊற்றவேண்டியதில்லை. நன்னீர் இல்லாத தீவுக்கு இது பெரிய நன்மை. குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டவேண்டி வந்தால் கற்களைக் கழற்றி எடுத்துத் திரும்பவும் பதிக்கலாம். ஆனால் இரண்டு ஓரங்களிலும் பலமான கொங்கிறீட் விளிம்பு வேண்டும். அது இல்லாவிட்டால் கற்கள் வெளிப்பக்கம் நகர்ந்து, மணல் வெள்ளத்தோடு போய், வீதி அலையலையாகிவிடும். வெள்ளம் பாயும் பதிவான இடங்களுக்கு இது ஏற்றதல்ல. கோயில் வீதி, இறங்குதுறைச் சுற்றாடல், சந்தைப் பகுதி போன்ற இடங்களுக்குப் பொருத்தமானது.

வேலை நடக்கும்போது ஊரவர் பார்க்கவேண்டியவை

தீவகத்தின் வீதிகளில் பல பிரதேச சபைகளின் பொறுப்பில் உள்ளவை. வெளிநாடுகளிலுள்ள ஊர்ச் சங்கங்கள் பணம் அனுப்பிப் போடும் ஒழுங்கைகளும் உண்டு. யார் போட்டாலும், பொறியியல் படிக்காத ஒருவர் அடிமட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு சில விடயங்களைச் சரிபார்க்கலாம்.

கனம்: பலகை அடைப்பின் உயரத்தை மட்டும் பார்க்காமல் நடுவிலும் அளக்கவேண்டும். தட்டு வளையாமல் தாங்கும் பலம் கனத்தின் வர்க்கத்தோடு குறைகிறது. 150 மில்லிமீற்றருக்குப் பதிலாக 125 போட்டால் சீமெந்தில் ஆறிலொரு பங்குதான் மிச்சம். பலத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு போய்விடும்.

மூட்டு இடைவெளி: தட்டின் கனத்தைப் போல் 24 மடங்குக்கு மேல் போகக்கூடாது. 150 மில்லிமீற்றர் தட்டுக்கு அது 3.6 மீற்றர். 3 மீற்றர் அகல ஒழுங்கைக்கு 3 மீற்றருக்கு ஒரு மூட்டு வைத்தால் தட்டு சதுரமாக அமையும், அதுவே சிறந்தது. வெட்டு கனத்தில் கால்வாசிக்குக் குறையாத ஆழத்தில், போட்ட மறுநாளுக்குள் நடக்கவேண்டும். பிந்தினால் கொங்கிறீட் தான் விரும்பிய இடத்தில் வெடித்துவிடும்.

மூட்டு நிரப்புதல்: வெட்டைத் தாரினால் அடைக்கவேண்டும். மண்கும்பான், அல்லைப்பிட்டி போன்ற மணற்பாங்கான இடங்களில் திறந்த மூட்டுக்குள் மணல் போய் இறுகும். வெயிலில் தட்டு விரிய இடமில்லாமல் மூட்டு விளிம்புகள் நொறுங்கும்.

கலவை: தண்ணீர் கூடினால் வேலை இலகு, ஆனால் பலம் குறையும். வழிந்தோடும் கலவை நல்ல கலவையல்ல. கலப்பதற்கு நன்னீரைத்தான் பாவிக்கவேண்டும். உவர் நிலத்துக்கு, பையில் எஸ்.எல்.எஸ். 1247 என்று குறிக்கப்பட்ட கலப்புச் சீமெந்து சாதாரண சீமெந்தை விட ஏற்றது. அது மெதுவாகப் பலம் பெறுவதால் கூடுதல் நாட்கள் ஈரமாக வைத்திருக்கவேண்டும்.

ஓரம்: தட்டின் விளிம்பில் சில்லு ஏறும்போதுதான் அது கூடுதலாகத் தாக்கப்படுகிறது. இரண்டு பக்கமும் கிறவல் போட்டு, தட்டின் மட்டத்துக்கு இறுக்கவேண்டும். மாரிக்குப் பின் மண் அரித்துப் போயிருந்தால் திரும்ப நிரப்பவேண்டும். பெரிய செலவில்லாத இந்தப் பராமரிப்பை ஊர் இளைஞர்களே செய்யலாம்.

பாரம்: முதல் இரண்டு வாரங்களுக்காவது வாகனங்களை விடக்கூடாது. மற்றைய பகுதிக்குச் சல்லி கொண்டுவரும் உழவு இயந்திரமே புதிய தட்டின் மேல் ஏறி அதை உடைப்பதுண்டு. தூரத்து முனையில் தொடங்கி, பொருள் வரும் பக்கம் நோக்கிப் போட்டுவந்தால் இதைத் தவிர்க்கலாம்.

கல்வெட்டில் எழுதவேண்டியது

கொங்கிறீட் வீதி போட்டு முடிந்ததும் ஒரு கல்வெட்டு வைப்பது வழக்கம். திறந்து வைத்தவரின் பெயர், நிதி வழங்கியவரின் பெயர், திகதி ஆகியவை அதில் இருக்கும். இவற்றோடு நான்கு வரிகளைச் சேர்த்துக்கொள்வது பயனுள்ளது: தட்டின் கனம், மூட்டு இடைவெளி, அடித்தளம் எது, எத்தனை நாள் ஈரமாக வைக்கப்பட்டது.

பெல்ஃபொன்ரெய்ன் வீதியும் இலினோய்ப் பரிசோதனையும் இன்றுவரை பயன்படுவது, யாரோ ஒருவர் என்ன செய்தோம் என்பதை எழுதிவைத்த காரணத்தால்தான். போரினாலும் இடப்பெயர்வினாலும் தீவகத்தில் எழுதிவைத்தவை பலவும் தொலைந்துவிட்டன. எந்த வீதி எப்போது, எப்படிப் போடப்பட்டது என்ற விபரம் தெரியாமல், ஒரு ஒழுங்கை ஏன் 20 வருடம் நின்றது, பக்கத்து ஒழுங்கை ஏன் மூன்று மாரியில் உடைந்தது என்பதை அறியமுடியாது. கல்வெட்டில் அந்த நான்கு வரிகள் இருந்தால், அடுத்த வீதிக்குப் பணம் சேர்க்கும் தலைமுறை எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொள்ளும். வீதி பழுதானால் யாரிடம் என்ன கேட்பது என்பதும் ஊருக்குத் தெரிந்திருக்கும்.